கோடா, குழப்பமா? காமாக் கதிர் வெடிப்புகளின் பின்னொளிர்வு கற்றுத்தரும் பாடம்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடும்பச் சச்சரவுகளுக்கும் ஊர் வழக்குகளுக்கும் சொல்லப்படும் இந்த வாக்கு வானியலுக்கும் அப்படியே பொருந்தும் என்றால் சிலர் வியக்கக்கூடும். ஆனால் 1999 முதல் 2008 வரை விண்வெளி ஆய்வாளர்கள் நடத்திய ஒரு விவாதத்தைப் படித்தால் அது எவ்வளவு உண்மை என்பது விளங்கும்.

விவாதத்தின் கேள்வி மிக எளிது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த விண்மீன்களிலிருந்து வந்த எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தபோது வரைபடத்தில் சில சிறு மேடுகள் தெரிந்தன. அவை உண்மையான தடயங்களா, தற்செயலாக எழுந்தவையா? விடை காண ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. அந்த விடையையும் அதை அடைந்த வழியையும் இயற்பியல் படிக்காத மாணவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காமாக் கதிர் வெடிப்பு என்றால் என்ன?

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்பதே அந்த ஒப்பந்தம். அது மீறப்படுகிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா 'வேலா' என்ற துணைக்கோள்களை ஏவியது. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர்கள் வெளிப்படும். அவற்றைப் பிடிக்கும் கருவிகள் இத்துணைக்கோள்களில் இருந்தன.

1967 ஜூலை 2ஆம் நாள் அக்கருவிகள் ஒரு காமாக் கதிர் வீச்சைப் பதிவு செய்தன. ஆனால் அது அணுகுண்டின் சாயலில் இல்லை. பின்னர் மேலும் பல வீச்சுகள் பதிவாயின. அவை பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்பது உறுதியான பிறகு, 1973இல் கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவரும் இத்தகைய 16 வெடிப்புகளைப் பற்றி உலகிற்கு அறிவித்தனர்.

இவ்வெடிப்புகள் ஒரு நொடிக்கும் குறைவாகவோ சில நிமிடங்கள் வரையிலோ நீடிக்கும். அந்நேரத்தில் வானத்தின் மற்ற எல்லா காமாக் கதிர் மூலங்களையும் மங்கச் செய்யும் அளவுக்கு அவை பிரகாசிக்கலாம். 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கூடம் 2000ஆம் ஆண்டு வரை 2,700க்கும் மேற்பட்ட வெடிப்புகளைப் பதிவு செய்தது. வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் அவை சமமாக வந்தன. நம் பால்வீதிக்குள் நிகழ்ந்திருந்தால் பால்வீதியின் தளத்தை ஒட்டியே பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆகவே அவை மிகத் தொலைவில் நிகழ்பவை என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் சில நொடிகளில் மறைந்துவிடும் ஒன்றின் தொலைவை எப்படி அளப்பது?

பின்னொளிர்வு கிடைத்தது

இத்தாலியும் நெதர்லாந்தும் இணைந்து 1996இல் ஏவிய 'பெப்போசாக்ஸ்' துணைக்கோள் இதற்கு வழி காட்டியது. 1997 பிப்ரவரி 28ஆம் நாள் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. எட்டு மணி நேரத்திற்குள் துணைக்கோள் அத்திசை நோக்கித் திருப்பப்பட்டது. காமாக் கதிர்கள் ஓய்ந்துபோன அந்த இடத்தில் எக்ஸ் கதிர்கள் மெல்ல மங்கிக்கொண்டிருந்தன. அடுப்பை அணைத்த பின்னும் கரியில் கனல் சிறிது நேரம் மின்னுவதைப் போன்றது இது. இதையே பின்னொளிர்வு என்கிறோம்.

அதே ஆண்டு மே 8ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பின் பின்னொளிர்வு காண்புறு ஒளியிலும் ஆராயப்பட்டது. அதன் செம்பெயர்ச்சி குறைந்தது 0.835 எனத் தெரிந்தது. பேரண்டம் விரிந்துகொண்டிருப்பதால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியில் நீண்டுவிடுகிறது. எவ்வளவு நீண்டது என்பதைக் குறிக்கும் எண்ணே செம்பெயர்ச்சி. 0.835 என்றால் ஒளி பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்துள்ளது என்று பொருள். இவ்வாறு தொலைவுப் புதிர் அவிழ்ந்தது.

வெடிப்புகளுக்குப் பெயரிடும் முறையையும் இங்கே அறிந்துகொள்வோம். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை இரண்டிரண்டு இலக்கங்களாக எழுதினால் அதுவே பெயர். 1997 மே 8இல் நிகழ்ந்தது 970508 வெடிப்பு. 1999 டிசம்பர் 16இல் நிகழ்ந்தது 991216 வெடிப்பு.

தனிமங்களின் கைரேகை

பின்னொளிர்வு எக்ஸ் கதிர்கள் எப்படி உண்டாகின்றன? வெடிப்பிலிருந்து ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதுகிறது. அந்த மோதலில் முடுக்கம் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று கதிர்வீசுகின்றன. இக்கதிர்வீச்சை அதன் ஆற்றல் வாரியாகப் பிரித்து வரைந்தால் கிடைப்பது நிறமாலை. குறைந்த ஆற்றலில் அதிக ஃபோட்டான்கள், கூடிய ஆற்றலில் குறைந்த ஃபோட்டான்கள் என்று, ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராகச் சரியும் வளைவு அது. ஃபோட்டான் என்பது ஒளியின் ஒற்றைத் துகள்.

சீரான வளைவிலிருந்து நாம் அறியக்கூடியவை குறைவு. ஆனால் அதில் ஒரு கோடு, அதாவது ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் கூர்மையான மேடு, தெரிந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில்தான் ஒளியை உமிழும். அது அத்தனிமத்தின் கைரேகை. இரும்பு அணு 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும். இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் எஞ்சியுள்ள இரும்பு என்றால் 6.7, ஒன்றே எஞ்சியிருந்தால் 6.97.

இக்கோட்டைக் கண்டால் மூன்று செய்திகள் ஒரே நேரத்தில் கிடைக்கும். அங்கே என்ன தனிமம் உள்ளது, எவ்வளவு தொலைவில் உள்ளது, எந்த வேகத்தில் நகர்கிறது ஆகியவையே அவை. கொலை நடந்த இடத்தில் துப்பறிவாளருக்குக் கைரேகை கிடைத்தது போலத்தான். வெடித்தது என்ன என்ற கேள்விக்கு இதைவிட நேரான தடயம் வேறில்லை.

அடுத்தடுத்த அறிவிப்புகள்

1999ஆம் ஆண்டு முதல் இத்தகைய தடயங்கள் கிடைத்துவிட்டதாக அறிவிப்புகள் வரத் தொடங்கின. லூயிஜி பிரோ தலைமையிலான இத்தாலியக் குழு 970508 வெடிப்பின் பின்னொளிர்வில் இரும்பின் கோடு தெரிவதாகக் கூறியது. ஜப்பானின் 'ஆஸ்கா' துணைக்கோள் பார்த்த 970828 வெடிப்பிலும் ஒரு கோடு அறிவிக்கப்பட்டது.

மிகுந்த கவனம் பெற்றது 991216 வெடிப்பு. அதை நோக்கியது 1999 ஜூலையில் விண்ணில் ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம். இப்பெயர் நமக்குப் பெருமை தருவது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகவே அதற்குச் 'சந்திரா' என்று பெயரிட்டனர். வெடிப்பு நிகழ்ந்து 37 மணி நேரத்திற்குப் பின் அது பதிவு செய்த நிறமாலையில் 3.49 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு மேடு தெரிந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒற்றை எலெக்ட்ரான் எஞ்சிய இரும்பின் ஆற்றல் 6.97. அதை 3.49ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2. இந்த ஈவிலிருந்து ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி கிடைக்கும். ஆகவே அது 1. காண்புறு ஒளியில் அளந்தவர்களுக்குக் கிடைத்த மதிப்பு 1.02. இரண்டும் பொருந்தின. ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளியில் இரும்பின் கைரேகை! ஆய்வுலகம் பரபரப்படைந்தது.

2002இல் மற்றொரு செய்தி வந்தது. ஐரோப்பாவின் 'எக்ஸ்எம்எம் நியூட்டன்' தொலைநோக்கி 011211 வெடிப்பை அது நிகழ்ந்து 11 மணி நேரத்திற்குப் பின் நோக்கியது. ஜேம்ஸ் ரீவ்சும் அவர் குழுவினரும் மக்னீசியம், சிலிக்கன், கந்தகம், ஆர்கான், கால்சியம் ஆகிய ஐந்து தனிமங்களின் கோடுகளைக் கண்டதாக அறிவித்தனர். வெடிப்பின் செம்பெயர்ச்சி 2.14. ஆனால் கோடுகள் காட்டிய செம்பெயர்ச்சி அதைவிடக் குறைவு. எனவே அந்தப் பொருள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்வதாக அவர்கள் விளக்கினர்.

ஏன் இவ்வளவு பரபரப்பு?

பெரும் நிறை கொண்ட விண்மீனின் மையம் இடிந்து கருந்துளையாகும்போது நீண்ட காமாக் கதிர் வெடிப்பு உண்டாகிறது என்பது ஒரு கருத்து. இதன்படி விண்மீனின் வெளிப்பகுதி சிதறும் மீயொளிர் விண்மீன் வெடிப்பும், அதாவது சூப்பர்நோவாவும், காமாக் கதிர் வெடிப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ வேண்டும்.

வியெட்ரி, ஸ்டெல்லா என்ற இருவர் 1998இல் வேறொரு கருத்தை முன்வைத்தனர். முதலில் விண்மீன் சூப்பர்நோவாவாகச் சிதறும். மையத்தில் வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று எஞ்சும். சுழற்சி குறையக் குறைய அது தன் எடையைத் தாங்க முடியாமல், வாரங்களோ மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, கருந்துளையாக இடிந்து காமாக் கதிர் வெடிப்பை உண்டாக்கும். அதற்குள் முன்பு சிதறிய பொருள் விண்மீனைச் சுற்றி ஓர் உறையாகப் பரவியிருக்கும்.

வலுவான இரும்புக் கோடு தெரிய வேண்டுமானால் வெடிப்பின் அருகே, ஆனால் சற்றுத் தள்ளி, ஏராளமான இரும்பு இருக்க வேண்டும். இரண்டாவது கருத்து அதற்கு இடம் தந்தது. ஆகவே சிறு மேடுகள் வெறும் மேடுகளாக நிற்கவில்லை. ஒரு விண்மீன் எப்படிச் சாகிறது என்ற கதையே அவற்றின்மேல் கட்டப்பட்டது. அடித்தளம் உறுதியா என்று பார்க்க வேண்டிய தேவையும் அதனால்தான் எழுந்தது.

மழைத்துளியும் கோப்பையும்

எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணுகிறது. வெடிப்பு நிகழ்ந்து பல மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது மிகக் குறைவான ஃபோட்டான்களே வந்து சேரும். சில பின்னொளிர்வுகளில் சில நூறு ஃபோட்டான்களைக் கொண்டுதான் முழு நிறமாலையும் வரையப்பட்டது.

இதில் என்ன சிக்கல்? தூறல் விழும் மாலை ஒன்றில் முற்றத்தில் 20 கோப்பைகளை வரிசையாக வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சராசரியாக ஒரு கோப்பைக்கு 9 துளிகள் விழும் அளவுக்குச் சிறிது நேரம் விட்டு எடுத்துவிடுகிறோம். எல்லாக் கோப்பையிலும் சரியாக 9 துளி இருக்குமா? இருக்காது. ஒன்றில் 5, இன்னொன்றில் 12, மற்றொன்றில் 8 என்று மாறுபடும். சராசரி 9 என்றால் 3 கூடுவதும் குறைவதும் இயல்பு. 9இன் வர்க்கமூலம் 3 என்பதே அதன் காரணம்.

ஒரு குறிப்பிட்ட கோப்பையில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட துளிகள் விழும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு மட்டுமே. ஆனால் 20 கோப்பைகளில் ஏதாவது ஒன்றில் அப்படி விழும் வாய்ப்பு 57 விழுக்காடு! அந்தக் கோப்பையை மட்டும் எடுத்துக் காட்டி, "பாருங்கள், இந்த இடத்தில் மழை அதிகம்" என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். நிறமாலையிலும் இப்படித்தான். கோப்பைகளுக்குப் பதில் ஆற்றல் பிரிவுகள். துளிகளுக்குப் பதில் ஃபோட்டான்கள். ஒரு பிரிவில் சற்று அதிகமான ஃபோட்டான்கள் விழுந்தால் அது பார்வைக்குக் கோடு போலவே தெரியும்.

நாலு நம்பர் கணக்கு

இதை இன்னும் தெளிவாக விளக்க நம் நாட்டார் எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். சூதாட்டத்திற்கு ஆதரவு தேடுவதாக யாரும் எண்ண வேண்டாம். கணக்கைப் பார்த்த பின் யாருக்கும் அந்த ஆசை வராது.

நான்கு இலக்கக் குலுக்கலில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒவ்வொரு குலுக்கலிலும் முதல் மூன்று பரிசுகளோடு சேர்த்து 23 எண்கள் பரிசு பெறும். ஆகவே நீங்கள் எடுத்த எண்ணுக்கு ஏதாவது ஒரு பரிசு விழும் வாய்ப்பு 10,000இல் 23, அதாவது 0.23 விழுக்காடு. விழாமல் போகும் வாய்ப்பு 99.77 விழுக்காடு.

நம் மாமா ஒருவர் கனவில் கண்ட எண்ணை எடுத்தார், பரிசும் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். "தற்செயலாக இப்படி நடக்க 0.23 விழுக்காடுதான் வாய்ப்பு. எனவே கனவு பலித்தது 99.77 விழுக்காடு உறுதி" என்று அவர் வாதிட்டால் ஏற்பீர்களா? மாட்டீர்கள். அவரைப் போல எத்தனை பேர் கனவு கண்டு எண் எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். 300 பேர் ஆளுக்கொரு எண்ணாகத் தனித்தனியே எடுத்திருந்தால், அவர்களில் ஒருவருக்காவது பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு. பரிசு விழாத 299 பேரின் கனவைப் பற்றி நம்மிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

புள்ளியியலில் மூன்று சிக்மா என்று சொல்லப்படும் உறுதி 99.7 விழுக்காடு. கேட்பதற்கு மிகப் பெரிய உறுதி போலத் தெரிகிறது. ஆனால் ஒரு நிறமாலையில் 30 இடங்களில் கோட்டைத் தேடலாம், இத்தகைய நிறமாலைகள் 10 உள்ளன என்றால், நாம் 300 இடங்களில் தேடியிருக்கிறோம். ஓரிடத்தில் மூன்று சிக்மா மேடு தென்படுவதில் வியப்பில்லை. தென்படாவிட்டால்தான் வியப்பதற்குக் கொஞ்சம் இடமுண்டு.

இரும்பின் ஆற்றலும் வெடிப்பின் செம்பெயர்ச்சியும் தெரிந்தவைதானே, தேட வேண்டிய இடம் ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 991216 வெடிப்பின் கோடு பலரை நம்ப வைத்ததற்கு அந்தப் பொருத்தமே காரணம். ஆனால் இரும்புக்கே 6.4, 6.7, 6.97 என்று மூன்று வாய்ப்புகள் உள்ளன. பொருள் நம்மை நோக்கிப் பாய்கிறது என்று சொல்லிவிட்டால் கோடு இன்னும் சற்று நகரலாம். இரும்பு இல்லையென்றால் கந்தகம், சிலிக்கன் எனத் தனிமங்களை மாற்றலாம். முழு நேரத்தில் தெரியாத கோடு முதல் ஒரு மணி நேரத்தில் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு சலுகையும் இன்னொரு நம்பர் எடுப்பதற்குச் சமம். எடுத்த நம்பர்கள் அத்தனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். தேடும்போதும் அளந்துதான் தேட வேண்டும்.

மறு ஆய்வு

2002இல் புரோட்டாசோவும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோடு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வானியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய 'எஃப் சோதனை' என்ற புள்ளியியல் சூத்திரம் இவ்விடத்திற்குப் பொருந்தாது என்று அது காட்டியது. கோட்டின் வலிமை சுழியம் என்ற எல்லையிலேயே கேள்வி எழுகிறது. சூத்திரமோ அத்தகைய எல்லைக்கு அப்பால் நின்றால் மட்டுமே செல்லுபடியாகும். பழகிய சூத்திரம் என்பதற்காக அதன் நிபந்தனைகளைப் பாராமல் பலரும் பயன்படுத்தியிருந்தனர்.

அதற்குப் பதிலாக என்ன செய்வது? கோடே இல்லாத சீரான நிறமாலையைக் கணினியில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஆயிரக்கணக்கான போலி நிறமாலைகளை உருவாக்க வேண்டும். பிறகு உண்மைத் தரவில் எப்படித் தேடினோமோ, அதே சலுகைகளோடு அவற்றிலும் கோட்டைத் தேட வேண்டும். போலிகளில் எத்தனையில் அதே அளவு மேடு தற்செயலாக முளைக்கிறது என்று எண்ணினால் உண்மையான வாய்ப்பு தெரிந்துவிடும்.

2003இல் ரட்லெட்ஜ், சாக்கோ ஆகிய இருவரும் 011211 வெடிப்பின் தரவுகளை இவ்வழியில் ஆராய்ந்தனர். கோடுகளின் உறுதி மூலக் கட்டுரையில் சொன்னதைவிடக் குறைவு என்பது அவர்கள் முடிவு. போரோஸ்டினும் ட்ருடோலியுபோவும் வேறொரு ஐயத்தை எழுப்பினர். கோடுகள் தெரிந்த தொடக்க நேரத்தில் வெடிப்பின் பிம்பம் உணரியின் விளிம்பருகே விழுந்திருந்தது. விளிம்பின் பாதிப்பும் மேடுகளை உண்டாக்கக்கூடும் என்றனர். ரீவ்ஸ் குழுவினர் தங்கள் முடிவுக்கு ஆதரவாக மீண்டும் விரிவாக எழுதினர். எதிர்ப்பும் மறுமொழியும் எல்லாரும் படிக்கும்படி ஆய்விதழ்களிலேயே வெளிவந்தன. தரவுகளும் பொதுவில் இருந்ததால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது.

2005இல் சாக்கோ, ஹாரிசன், ரட்லெட்ஜ் ஆகியோர் ஒரு படி மேலே சென்றனர். நான்கு துணைக்கோள்கள் பதிவு செய்த 21 பின்னொளிர்வுகளை ஒரே முறையில் மறு ஆய்வு செய்தனர். கோடு கண்டதாக அதுவரை அறிவிக்கப்பட்ட ஒன்பது பின்னொளிர்வுகளும் அவற்றுள் அடங்கும். நூறு ஃபோட்டான்களுக்கு மேல் இருந்தாலே பட்டியலில் சேர்க்கும் நிலை என்றால் தரவு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். நம்பத்தக்க கோடு எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

ஸ்விஃப்ட் சொன்ன தீர்ப்பு

வாதத்தால் மட்டும் தீராத வழக்கைப் புதிய சாட்சி தீர்த்து வைக்கலாம். 2004 நவம்பர் 20ஆம் நாள் 'ஸ்விஃப்ட்' துணைக்கோள் ஏவப்பட்டது. வெடிப்பைக் கண்டதும் தானாகவே திரும்பி, பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அத்திசையில் நிறுத்துவது அதன் சிறப்பு. அந்நேரத்தில் பின்னொளிர்வு மிகப் பிரகாசமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் எண்ணிய ஃபோட்டான்களை ஆயிரக்கணக்கில் எண்ண முடிந்தது.

உண்மையான தடயம் என்றால் தரவு பெருகப் பெருக அது தெளிவாக வேண்டும். 2008இல் ஹர்கெட்டும் குழுவினரும் ஸ்விஃப்ட் பார்த்த 40 வெடிப்புகளின் தொடக்க நேர நிறமாலைகளை மூன்று வெவ்வேறு புள்ளியியல் முறைகளால் சோதித்தனர். உமிழ்வுக் கோடுகளுக்கு வலுவான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

கோடுகள் சுமந்து நின்ற கதைக்கும் வேறு பக்கத்திலிருந்து விடை வந்தது. 2003 மார்ச் 29இல் நிகழ்ந்த 030329 வெடிப்பு ஒப்பீட்டளவில் அருகில் இருந்தது. அதன் பின்னொளிர்வு மங்கியபோது சூப்பர்நோவாவின் நிறமாலை காண்புறு ஒளியில் ஐயமின்றித் தெரிந்தது. இரண்டு வெடிப்புகளும் சில நாட்களுக்குள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்ந்தவை. மாதக்கணக்கில் முந்திய சூப்பர்நோவா அவ்வெடிப்பில் இல்லை.

எஞ்சி நிற்பவை

அப்படியென்றால் பின்னொளிர்வின் எக்ஸ் கதிர் நிறமாலையில் ஒன்றுமே இல்லையா? உண்டு. பல பின்னொளிர்வுகளில் குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து சேர்கின்றன. நம் பால்வீதி விழுங்கியதைக் கழித்த பின்னும் குறைவு எஞ்சுகிறது. வழியில் உள்ள வாயு, குறிப்பாக வெடிப்பு நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தின் வாயு, அவற்றை உட்கவர்ந்துகொள்கிறது என்று விளக்குகிறார்கள். இது கூர்மையான கோடு அல்ல. ஆனால் வெடிப்புக்குப் பின் வெடிப்பாக மீண்டும் மீண்டும் தெரிகிறது.

கோடுகளே இருக்க முடியாது என்று மறு ஆய்வுகள் சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கையில் உள்ள தரவு அவற்றை நிலைநாட்டப் போதாது என்றே சொல்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

அந்த எச்சரிக்கை பிற்காலத்தில் பயன்பட்டது. 2022 அக்டோபர் 9இல் அதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு நிகழ்ந்தது. 'ஃபெர்மி' தொலைநோக்கி அதைப் பதிவு செய்தது. அந்தத் தரவில் ஒரு கோடு தெரிவதாக மரியா எட்விஜே ரவாசியோவும் அவர் குழுவினரும் 2024இல் அறிவித்தனர். இது எக்ஸ் கதிரில் அல்ல, காமாக் கதிரிலேயே தெரிந்த கோடு. அதன் ஆற்றல் ஏறத்தாழ 12 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி 6 மில்லியன் வரை படிப்படியாக இறங்கியது. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று அழிக்கும்போது எழும் ஒளி, நம்மை நோக்கிப் பாயும் வேகத்தால் ஆற்றல் கூடி வந்தது என்பது அவர்கள் விளக்கம். இம்முறை உறுதி மூன்று சிக்மா அல்ல. ஆறு சிக்மாவுக்கும் மேல். கோடு ஓரிடத்தில் மின்னி மறையவில்லை; தொடர்ந்த பல நொடிகளில் ஒழுங்காக நகர்ந்தது. நம்பிக்கைக்குரிய அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முந்தைய விவாதமே அளவுகோல் தந்திருந்தது.

நமக்கு என்ன பாடம்?

கோடு கண்டதாக அறிவித்தவர்கள் பொய்யர்கள் அல்லர். அவர்கள் திறமையான ஆய்வாளர்கள். தாங்கள் கண்டதை நேர்மையாக எழுதினார்கள். மறுத்தவர்களும் பகைமையால் மறுக்கவில்லை. மேடுகளைத் தேடும் நம் கண், தேடியதையே கண்டுகொள்ளும் இயல்புடையது. அதைக் கட்டுப்படுத்த நேர்மை மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதே இந்த விவாதம் தரும் பாடம்.

இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வினாநிரல் கொடுத்து இருபது கேள்விகளுக்கு விடை வாங்குகிறோம். ஆண், பெண் என்றும், வயது வாரியாகவும், ஊர் வாரியாகவும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறோம். எங்கோ ஓரிடத்தில் 95 விழுக்காடு உறுதியோடு ஒரு வேறுபாடு தட்டுப்படுகிறது. உடனே அதுவே நம் கண்டுபிடிப்பாகிவிடுகிறது. எத்தனை இடங்களில் தேடினோம் என்பதை ஆய்வேட்டில் எழுதுகிறோமா? இருபது இடங்களில் தேடினால் ஓரிடத்தில் 95 விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவே கிடைக்கும் என்பதை நினைக்கிறோமா?

அடுத்த முறை ஒரு முடிவு கையில் கிடைத்து மனம் மகிழும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதைக் காண எத்தனை இடங்களில் தேடினேன்? பயன்படுத்திய சூத்திரத்தின் நிபந்தனைகள் இங்கே பொருந்துகின்றனவா? தரவு இரு மடங்கானால் இது தெளிவாகுமா, மறைந்து போகுமா? விடை எதுவானாலும் அதை எழுதி வைப்போம். தீர விசாரிப்பது என்பது இதுதான்.